ஏழாம் வரிசை கிளியர்

வெயிலில் நிற்கிற காவலாளிகளுக்கு மோர் கொடுக்க வேண்டும் மேடம். எண்ணூர் நெடுஞ்சாலையில் எத்தனையோ கன்டெய்னர் யார்டு இருக்கிறது. தினமும் பதினொரு மணிக்குத் தவறாமல் மோர் கொடுத்தது எங்கள் யார்டில் மட்டும்தான். அதை ஏற்பாடு செய்தவன் நான். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, திருவொற்றியூரிலிருந்து கேனில் வரும். இந்தத் தவசிமுத்துவைக் கல்நெஞ்சன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாதே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வி எனக்குப் புதிதில்லை. "மிலிட்டரி இன்டெலிஜென்ஸ்ல இருந்தீங்களே, சண்டையில முன்னாடி நின்னிருக்கீங்களா?" கல்யாண வீட்டில் கேட்பார்கள், சர்ச் வாசலில் கேட்பார்கள், முடி வெட்டுகிற கடையில் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டும் கேட்பார்கள். சிலர் நின்றிருக்கிறார்கள். ரோந்துப் படையோடு மலையேறிப் போய் ஒரு கையை இழந்து வந்த உளவு அதிகாரியை எனக்குத் தெரியும். நான் ஏறவில்லை. பதினாறு ஆண்டும் என் வேலை அறைக்குள்தான். வருகிற தகவலுக்குத் தரம் போட்டு மேலே அனுப்புவேன்.

அந்தத் தரத்தை விளக்கிவிடுகிறேன். சொன்ன ஆளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. சொன்ன செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண். ஏ-1 என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். எஃப்-6 என்றால் ஆளையும் தெரியாது, செய்தியையும் யாரும் சரிபார்க்கவில்லை.

இருபத்தோரு வருடம் முன்பு, வடக்கு எல்லையில், கோவேறு கழுதை ஓட்டுகிற ஒருவன் வந்து ஓடைப் பாதையில் நடமாட்டம் இல்லை என்றான். அவனை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. சரிபார்க்க வேண்டுமானால் பனியில் ஆறு மணி நேரம் நடந்து மேலே போக வேண்டும். எனக்கு அன்று ஜலதோஷம். எஃப்-6 போட வேண்டிய இடத்தில் பி-2 போட்டு, பாதை கிளியர் என்று எழுதினேன். ஐந்து பேர் போனார்கள். நான்கு உடல் வந்தது.

ஐந்தாமவன் லட்சுமணன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுக்காரன். கண், முகம் எல்லாம் கட்டுப்போட்டு ராணுவ மருத்துவமனையில் கிடந்தான். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் அவனிடம் வாக்குமூலம் வாங்க என்னையே அனுப்பினார்கள். மூன்று மணி நேரம் சொன்னான். அவனுடைய சிநேகிதன் அறிவு ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை இவனிடம் நீட்டியிருக்கிறான். அப்போதுதான் குண்டு பாய்ந்தது. அறிவு இவன் தோளில் சாய்ந்தபோது அந்தப் பாதி பிஸ்கட் அவன் விரலில் அப்படியே இருந்ததாம். ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.

ஓய்வு பெற்று ராயபுரம் வந்தபிறகு யாரோ அதே கேள்வியைக் கேட்டபோது, அந்த பிஸ்கட்டை என் கதையாகச் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சொல்லச் சொல்ல அது எனக்கே நடந்ததாகிவிட்டது. மார்கழியில் தோள்பட்டை வலிக்கக்கூட ஆரம்பித்தது. செக்யூரிட்டி அதிகாரியாகச் சேர்ந்த யார்டில் என்னை மேஜர் சார் என்பார்கள். நான் சுபேதார்தான், மேஜருக்குப் பல படி கீழே. நான் அதைத் திருத்தவில்லை.

இந்த ஜனவரியில் லட்சுமணன் எங்கள் யார்டுக்குக் காவலாளியாக வந்தான். அன்று கட்டுக்குள் இருந்த முகம், ஊரெல்லாம் இருக்கிற பெயர்; எனக்கு அடையாளம் தெரியவில்லை. குடியரசு தினத்தில் கொடியேற்றியதும் வழக்கம்போல் அந்த பிஸ்கட் கதையைச் சொல்லிப் பேசினேன். பேச்சு முடிந்து அரை மணி நேரத்தில் என் அறைக்கு வந்தான்.

"சார், அறிவு பேரு உனக்கு எப்டி தெரியும்? அந்த பிஸ்கட்ட அவன் என்கிட்டதான் நீட்னான்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோப்பில் படித்ததை நம் பையன்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று சொன்னேன் என்றேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சர்தான் வுடு. அவன் பேர நாலு பேரு கேட்டாங்கல்ல, அது போதும். ஒன்னு மட்டும் செய் சார். உங்க ஆபீசுல எவனோ ஒர்த்தன் கிளியர்னு எழுதிக் குட்த்துகீறான். அவன் யாருன்னு கண்டுபுடிச்சி சொல்லு. அறிவு அம்மா சொக்கம்மா கொருக்குப்பேட்டைல கீது. சாவறதுக்குள்ள அந்தப் பேரு தெரியணும்னு சொல்லிக்கினே கீது."

விசாரிக்கிறேன் என்றேன். ஆறு மாதம் விசாரித்துக்கொண்டே இருந்தேன். தினமும் காலையில் அவன் எனக்கு விறைப்பாக சல்யூட் அடிப்பான். ஆகஸ்ட் முதல் வாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"இனிமே நீ பேஜாராவாத சார். அந்த ஆபீசு கிளார்க்கு ஒர்த்தர் ஆவடில கீறாராம், நம்பர் புட்ச்சிட்டேன். யாருன்னு போன்ல சொல்ல மாட்டேன்ட்டாரு. பதினஞ்சாந்தேதி கொடியேத்த இட்டுகினு வரேன். சொக்கம்மாவும் வருது. அது எதிர்லயே அவரு சொல்லட்டும்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். செத்த நான்கு பேரும் திரும்பி வரப்போவதில்லை. எண்பது வயதுக் கிழவிக்கு ஒரு பெயரால் என்ன நிம்மதி வந்துவிடும்? என் பேத்தி ரெஜினா தாத்தாவின் போர்முனை பற்றிக் கட்டுரை எழுதிப் பள்ளியில் பரிசு வாங்கியவள். அந்தப் பரிசுக் கோப்பையை அவள் மேஜைமேல் வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் இத்தனை, இன்னொரு பக்கம் லட்சுமணன் ஒருவன். கிளார்க்கின் நம்பரும் அவன் போனில் மட்டும்தான் இருந்தது.

பதிமூன்றாம் தேதி ஏழாம் வரிசையில் ஒரு நீலப் பெட்டி நின்றது. பாதி அளவு மூட்டை ஏற்றி, பூச்சி சாக விஷவாயு விட்டு மூடியிருந்தார்கள். அப்படிப்பட்ட பெட்டியின் கதவில் மண்டையோடு போட்ட தாள் ஒட்டுவார்கள். அதை உரித்து மடித்து என் டைரிக்குள் வைத்தேன். பதினொரு மணிக்கு மற்றவர்கள் மோர் குடிக்க மெயின் கேட்டுக்குப் போனார்கள். லட்சுமணனை வாக்கி-டாக்கியில் தனிச் சேனலுக்கு வரச் சொல்லி, நீலப் பெட்டியில் மூட்டை நனைந்திருக்கிறதா, கடைசி வரை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.

"பொட்டி கிளியரா சார்?"

அவன் எப்போதும் கேட்பான். சூடு கண்ட பூனை.

"ஏழாம் வரிசை கிளியர்" என்றேன்.

விபத்து என்றுதான் உங்கள் ஸ்டேஷனில் முதலில் எழுதினார்கள். பதினைந்தாம் தேதி சொக்கம்மாள் தனியாக வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் விஷயத்தைச் சொன்னேன். அறிவு என் தோளில்தான் சாய்ந்தான் என்றேன். "நீயாச்சும் கூட இருந்தியே நைனா" என்று என் கன்னத்தைத் தடவினார். அதைப் பொய் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அழுகை வந்தது மேடம்.

டைரிக்குள் இருந்த அந்தத் தாள் உங்கள் கையில் கிடைத்தது. வேறு ஆளாக இருந்தால் கசக்கிக் கடலில் போட்டிருப்பான். எங்கள் வேலையில் சான்றுக் காகிதத்தை அழிக்க மாட்டோம். பின்புறம் தேதியும் நேரமும் எழுதி, தரம் போட்டுப் பத்திரப்படுத்துவோம். பழக்கதோஷம். நேரத்தைப் பார்த்தீர்கள், தரத்தைக் கவனிக்கவில்லை. ஏ-1 போட்டிருக்கிறேன். என் வாழ்நாளில் நேரில் போய்ச் சரிபார்த்த தகவல் அது ஒன்றுதான்.

ஆமாம், போனேன். வாக்கியில் சொல்லிவிட்டு அறையில் உட்கார்ந்திருக்கவில்லை. அவன் உள்ளே கடைசி வரை போனதும் கதவைச் சாத்திக் கம்பியைப் போட்டது நான்தான். தட்டினான். பிறகு வாக்கியில் கூப்பிட்டான். அவன் குரல் இரும்புக்குள்ளிருந்தும் கேட்டது, என் இடுப்பிலிருந்தும் கேட்டது. "மேஜர் சார், கதவு சாத்திகிச்சி. யாரயாச்சும் அனுப்பு சார்." தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அதன் பிறகுதான் கம்பியை எடுத்தேன்.

முன்னால் நின்றிருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. கால் நடுங்கவில்லை, ஓடவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், என் பேத்தி படிப்பாள்.