தூக்கிய தாடை

கழுத்து இடப்பக்கம் திரும்பாது, ஐயா. உங்களைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். டவர் கிரேன் ஓட்டுகிறவனுக்கு இந்த வலி கூடவே பிறந்தது மாதிரி. காலையில் ஏறினால் பொழுது சாயும்வரை, காலுக்கு அடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாம் ஹெல்மெட்டும் தோளும்தான். முகம் தெரிவது ஒரே ஒருத்தருடையதுதான், கீழே நின்று கை காட்டுகிற சிக்னல்காரருடையது. அவர்தான் அண்ணாந்து பார்ப்பார்.

எங்கள் சைட்டில் அது என் அண்ணன்.

அவரைப் பற்றி நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்க நான் இங்கே வரவில்லை. எனக்கு விவரம் தெரிவதற்குள் அப்பா போய்விட்டார். அண்ணன் சிமென்ட் மூட்டை தூக்கி என்னை வளர்த்தார். தோல் உரிந்த முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் பிரிக்க வேண்டும். பிரித்தது நான். அப்புறம் கிரேன் பழகி மேலே போய் உட்கார்ந்தார். எனக்குக் கல்யாணமான வருஷம், கால் மரத்துப் போகிறது என்று கம்பெனியில் சொல்லி இறங்கிவந்து, அந்த சீட்டை எனக்கு வாங்கிக் கொடுத்தார். சிக்னல்காரருக்குச் சம்பளம் குறைவு. மரத்துப்போகிற காலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க எப்படி நிற்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஆள் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். தாடை எப்போதும் மேலே தூக்கியிருக்கும். நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி, இரண்டு பேர் நிற்கிற இடத்தை ஒருத்தராக அடைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நின்று யார் என்ன சொன்னாலும் முகம் திரும்பாது. பேச்சு நீண்டால் உள்ளங்கையை விரித்து நேரே காட்டுவார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்ஜினியருக்கும் அதே கை, வீட்டில் அண்ணிக்கும் அதே கை. அண்ணி சிரிப்பார்.

"வீட்லயும் உங்க அண்ணன் சிக்னல்தான் தம்பி. நான்தான் கிரேன். தூக்குன்னா தூக்கணும், இறக்குன்னா இறக்கணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார், தாடையைத் தூக்கியபடியே.

ஒருநாள் போனில் ஒரு டாக்டரம்மாவின் வீடியோ வந்தது. தன்னைத் தவிர யாரையும் பெரிதாக நினைக்காத ஆட்களை உடம்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாமாம். தாடை உயர்ந்திருக்கும். இடத்தை அடைத்து நிற்பார்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது கண் வேறெங்கோ இருக்கும். கையாலேயே பேச்சை வெட்டுவார்கள். தோளில் கை போட்டுப் பக்கத்து ஆளைச் சின்னவனாக்குவார்கள். இன்னும் இருந்தது. கண்ணாடியைக் கண்டால் நின்றுவிடுவார்கள், சின்ன அவமானத்தையும் உள்ளேயே வைத்து வளர்ப்பார்கள் என்றெல்லாம். அந்தக் கடைசிப் பகுதி எனக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு, அப்படியே அண்ணன்."

அவள் துணி மடித்தபடியே முழுவதையும் பார்த்தாள்.

"இது உங்க அண்ணன் இல்லீங்க."

"பின்னே யாராம்?"

"கொஞ்சம் நகருங்க. துணி மேல உக்காந்திருக்கீங்க."

அவளுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியாது.

முதல் தளம் முடிந்த அன்று கான்ட்ராக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் கை சுத்தம் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அப்போது அண்ணன் என் தோளில் கையைப் போட்டார்.

"இவன மேல ஏத்தி விட்டதே நான்தான் சார். இறங்கத்தான் இன்னும் கத்துக்கல."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். டீ சூடாக இருந்தது, அதை முழுவதும் குடித்தேன்.

பிறகு அடுத்த கட்டடத்துக்குப் பெரிய கிரேன் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த சீட் எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நினைத்திருந்தேன். கான்ட்ராக்டர் அண்ணனிடம் யோசனை கேட்டபோது, அண்ணன் கையிலிருந்த வாக்கிடாக்கியின் பொத்தான் அழுந்தியிருந்தது அவருக்கே தெரியாது. மேலே என் காதில் தெளிவாக விழுந்தது.

"அவன் வேணாம் சார். வேற ஆளப் பாருங்க."

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. மிச்சம் கேட்கவில்லை. அன்றிலிருந்து என் வாக்கிடாக்கியை அணைத்து வைத்தேன். கைதான் காட்டுகிறாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன். அவர் இரண்டொரு தரம் வீட்டுக்கு வந்தார். நான் தூங்குவதாக மனைவி சொல்லி அனுப்பினாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்.

அந்த நாளுக்கு வருகிறேன். கான்கிரீட் சுவர்ப் பலகை ஒன்றைத் தூக்கி, ஏற்கெனவே சாய்த்து வைத்திருந்த பலகைகளோடு சேர்க்க வேண்டும். ஒரு அறையின் சுவர் அளவு இருக்கும். மெதுவாக அடுக்கை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தேன். அடியில் வைத்த மரக்கட்டை கோணியிருந்ததால், அதைச் சரிசெய்ய அண்ணன் அடுக்குக்கும் நான் நகர்த்திய பலகைக்கும் நடுவே போனார். திரும்பும்போது கட்டைகளுக்கு நடுவில் கால் மாட்டிக்கொண்டது. பலகை ஆடாமல் கயிறு பிடித்தவர்கள் அதற்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவரைப் பார்த்தது நான் மட்டும்தான்.

வாக்கிடாக்கியை வாயருகில் கொண்டுபோனார். அதில் பயனில்லை என்று உங்களுக்கே தெரியும். பிறகு கையைத் தூக்கினார். அதே உள்ளங்கை. எத்தனை பேர் வாயை மூடவைத்த கை அது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அலுப்பாக இருந்தது.

லீவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிடித்துக்கொண்டிருந்தால்தான் அது ஓடும். கையை எடுத்தால் தானாக நின்றுவிடும். நிறுத்துவதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் இரண்டு கைகளையும் தூக்கினார். எங்கள் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், உயிர் போகிறது, நிறுத்து. என் ஆயுசில் முதல் தடவையாக அண்ணன் என்னிடம் இரண்டு கைகளாலும் ஒன்றைக் கேட்டார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. கொஞ்ச நேரம்தான் நினைத்தேன்.

வெயில் கண்ணாடியில் அடித்ததால் ஆபரேட்டருக்குத் தெரியவில்லை என்று விசாரித்தவர்கள் முடித்துவிட்டார்கள். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடியில் தூசிகூட இருக்காது. என் முகம் தெரிகிற அளவுக்கு அதைத் தினமும் துடைப்பவன் நான்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனேன். அண்ணன் நின்ற இடத்தில் புது ஆளை நிறுத்தியிருந்தார்கள். பூஞ்சை உடம்பு, பேசினாலே குரல் நடுங்கும் மனுஷன். மேலேயிருந்து பார்த்தேன். தாடை தூக்கியிருந்தது. காலை அகட்டி நின்றான். மேஸ்திரி பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார், அவன் சுமையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளங்கையைக் காட்டினான். அந்த இடத்தில் நிற்கிறவன் வேறு எப்படித்தான் நிற்பான். மேலே இருப்பவனைப் பார்க்க வேண்டுமென்றால் தாடையைத் தூக்கித்தானே ஆக வேண்டும். அண்ணன் அத்தனை வருஷமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார்.

"என் மேலதான் தப்பு தம்பி. அந்தப் பெரிய கிரேன்ல இன்னும் குனிஞ்சு பாக்கணுமாம். ஏற்கெனவே கழுத்து போயிருக்கு, அதுல ஏறினா முடங்கிடுவான்னு சொன்னார். கோச்சுக்குவான், நீ பக்குவமா சொல்லுன்னார். நான்தான் இன்னிக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். கடைசிவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசாமலேயே..."

நான் சுவரைப் பார்த்தேன்.

"கடைசியா உன்னைத்தானே பாத்திருப்பார். ஏதாவது சொன்னாரா தம்பி?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி."

"கையாவது காட்டினாரா?"

நான் உள்ளங்கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அண்ணி உடனே நிறுத்திக்கொண்டார். பழக்கப்பட்டவர்.

அங்கிருந்துதான் நேரே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. ஒரு கைக்கே அண்ணி நிறுத்திவிட்டார். அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கினார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே லீவரைப் பிடித்திருந்தேன், பலகை அடுக்கில் போய் முட்டும்வரை.

அண்ணனுக்கு நான் ஒரு நிறுத்தம் பாக்கி.