கீபோர்டு இல்லாத மூன்று நிமிடம்

அன்பிற்கினிய அவைத்தலைவர் அவர்களே, ஆசி வழங்க வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மடியில் மழலையையும் முகத்தில் மலர்ச்சியையும் ஏந்திய தாய்மார்களே, இன்று பாராட்டுப் பெறும் நம் திருமுல்லைவாயில் பங்கின் தேன்குரல் பாடகர்களே! கீபோர்டுக்காரன் கிருபாகரனின் கனிவான வணக்கம்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்குப் பாடகர் குழுத் தலைவர் பாஸ்கல் ஒரு லத்தீன் பாட்டைக் கொண்டுவந்தார். மூன்றே நிமிடம். நான்கு குரல். தபேலா கிடையாது, கிட்டார் கிடையாது, கீபோர்டு கிடையவே கிடையாது! "அப்போ நான் இன்னா பண்றது?" என்றேன். "கீழ குந்திகினு கேளு மாமே" என்றார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

ஆனால் என் கவலை அது மட்டுமா? முதல் குரல் ஜெயசீலி, என் தங்கை. இரண்டாம் குரல் ஹெலினா, என் மனைவி. ஈஸ்டருக்குத் தனிப்பாட்டு யார் பாடுவது என்று மூண்ட சண்டையில் மாதக்கணக்காகப் பேச்சில்லை. மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி, படிக்கட்டில் நான்! "தண்ணி லாரி வந்துச்சுன்னு உங்க தங்கச்சியாண்ட சொல்லுங்க." "எனக்கும் கண்ணு கீதுன்னு உன் பொண்டாட்டியாண்ட சொல்லுண்ணா." சிரிக்கிறீர்கள்! ஏறி இறங்கி முட்டி வலித்தது எனக்கல்லவா? முட்டியைவிட மனசுதான் அதிகம் வலித்தது.

கோயிலிலும் அதே கதைதான். ஒருத்தி பாடுவதை மற்றவள் கேட்கமாட்டாள். இருவரும் என் கீபோர்டைத்தான் கேட்பார்கள். அந்தக் கீபோர்டே இல்லையென்றால்? யாரைக் கேட்பது? எதைப் பிடித்து நிற்பது? ஒருவர் குரலை ஒருவர் கேட்டே ஆகவேண்டும்!

திருவிழா வந்தது. 'எங்களுக்குச் சமாதானம் தாரும்' என்பதே அந்த லத்தீன் வரிகளின் பொருள். பாட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில் ஜெயசீலிக்கு மூச்சு முட்டியது, குரல் அறுந்தது. பாட்டே சரியப்போகிறது, என் விரல்களோ மடியில் துடிக்கின்றன. ஹெலினா தன் வரியை விட்டாள். ஜெயசீலியின் சுரத்தைத் தாங்கிப் பிடித்தாள். ஜெயசீலி மூச்சிழுத்து, அந்தக் குரலைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினாள். அழுதேன், அவையோரே, வெட்கமில்லாமல் அழுதேன்!

திருப்பலி முடிந்ததும் வாசலுக்கு ஓடினேன். இருவரும் அருகருகே நிற்கிறார்கள். பழக்கதோஷத்தில், "ஜெயா, ஹெலினா இன்னா சொல்றான்னா..." என்று ஆரம்பித்தேன்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். "நீ கம்முனு இருண்ணா. நானும் அண்ணியும் பேசிகினு கீறோம்."

ஒரே நாளில் இரண்டு வேலையும் போயிற்று! இவ்வளவு மகிழ்ச்சியாக வேலை இழந்தவன் இந்த ஆவடி வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். பாடிய குரல்களுக்கும் பொறுத்த செவிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!