ஆறு பாட்டில்

— கைய கழுவாம பாட்டிலைப் பிடிச்சிருப்பானுங்கம்மா. விரல்ல ஒட்டின தூசி உள்ள விழுந்திருக்கும். அதான் டூல் தூசியில இருக்குற கோபால்ட் மூத்திரத்துல ஏறிக் காட்டுது. இதைப் போய் ரிப்போர்ட்டுன்னு தூக்கிட்டு வந்துட்டியே.

— குளிச்சு, சட்டை மாத்தி, சோப்பு போட்டுக் கைய கழுவின பிறகுதான் பிடிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார். நீங்களும் தலையாட்டினீங்களே.

— நீ சொன்ன. அவனுங்க கேக்கணுமே. மிஷின்ல டூல் தீட்டுறவனுக்கு சோப்பெல்லாம் எங்க தெரியும்?

— வாங்கிக் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

— வாய் நீளுதே. பாரும்மா, நீ லேப்ல இருந்து சாம்பிள் எடுக்க வந்த பொண்ணு. நான் இந்த ஷெட்டுக்கு சூப்பர்வைசர். இது ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கைக்குப் போச்சுன்னா ஷெட்டுக்குப் பூட்டு, நான் வேலை போய் வீட்டுல உக்கார வேண்டியதுதான். முதலாளி ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாரு. போன தடவை எடுத்தப்போ ஒழுங்கா வந்துச்சுல்ல?

— போன தடவை திங்கக்கிழமை காலையில எடுக்க வச்சீங்க. லீவு கழிச்சு வர்றவன் உடம்புல என்ன சார் இருக்கும்? பாதி வீட்டுலயே கழிஞ்சு போயிருக்கும். வாரம் முழுக்க தூசியை முழுங்கினவன்கிட்ட கடைசி நாள், வேலை முடிஞ்ச கையோட எடுத்தாத்தான் உண்மை தெரியும்.

— அதான் நீ இந்த தடவை வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான்னு ஒத்தக்கால்ல நின்னியே.

— நின்னேன். அந்தத் திங்கக்கிழமை ரிப்போர்ட்டைக் காட்டித்தானே ஒருத்தரை, "உனக்கு ஒண்ணும் இல்ல, போய் மிஷின்ல நில்லு"ன்னு விரட்டினீங்க?

— யாரை?

— விசில்னு கூப்பிடுவீங்களே, அவரை.

— ஓ, அவனா! நல்ல வேலைக்காரன்தான். மிஷின் சத்தத்துக்கு மேல விசிலடிப்பான். பீடி குடிச்சு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டான். அதுக்கு நான் என்ன பண்ண?

— அவரு பீடியைத் தொட்டதே இல்ல.

— கூட இருந்து பாத்த மாதிரி பேசுற?

— கூடப் பிறந்தவ சார். எங்கண்ணன்.

— அட... எனக்குத் தெரியாதேம்மா.

— கட்டில்ல இருந்து பாத்ரூமுக்குப் போறதுக்குள்ள நடுவுல உக்காந்துடுறாரு. மூக்குல ஆக்சிஜன் குழாய். விசிலை விடுங்க, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மூச்சு பத்தல. தூசியை உறிஞ்சுற ஃபேனைப் போடுங்கன்னு உங்ககிட்ட கெஞ்சினாரே, ஞாபகம் இருக்கா?

— கரண்ட் பில்லு ஏறினா முதலாளி என் சட்டையைத்தானே பிடிப்பாரு? சரி, பாவம்தான். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காகப் பழி வாங்க பொய் ரிப்போர்ட் கொண்டு வரலாமா?

— பழி வாங்கத்தான் சார் வந்தேன். கண்ணை மூடினா உங்க மூஞ்சிதான் தெரியுது, வயிறு எரியுது. ஆனா ரிப்போர்ட் பொய் இல்ல.

— பொய்தான்! நீயே பாரு. ஆறு ஆளு, ஆறு பாட்டில், ஆறுலயும் ஒரே நம்பர். ஒரே குழாயில பிடிச்ச தண்ணி மாதிரி எப்படிம்மா வரும்? உங்க மிஷின் கோளாறு.

— மிஷினைத் திரும்ப ஓட்டிப் பாத்தாச்சு. அது சரியாத்தான் இருக்கு. சாம்பிள்தான் தப்புன்னா சொல்லுங்க. அது அவங்களோடது இல்லன்னா அவங்க பேர்ல செல்லாது.

— செல்லாதா? நிஜமாவா?

— நிஜமா. ஆனா காரணம் வேணும்.

— பாரு, உன்னை நம்பித்தான் சொல்றேன். அது அவனுங்களோடது இல்ல. மணி அடிச்சதும் எல்லாரையும் பஸ்ஸுக்கு அனுப்பிட்டேன்.

— அப்போ யாரோடது?

— அதெல்லாம் எதுக்கு உனக்கு?

— யாரோடதுன்னு தெரியாம லேப்ல என்ன சொல்றது சார்?

— என்னோடதும்மா! போதுமா? ஆறும் என்னோடதுதான். மத்தியானத்துல இருந்து அடக்கி வச்சிருந்து நிரப்பினேன். கண்ணாடி ரூம்ல உக்காந்து கணக்கு பாக்குறவன் நான். ஒரு டூலைத் தொட்டதில்ல. என் உடம்புல எங்கிருந்து கோபால்ட் வரும்? அதான் சொல்றேன், உங்க மிஷின்...

— மிஷின் சரின்னு சொன்னேனே சார்.

— என்னம்மா அப்படிப் பாக்குற?

— மேல பாருங்க சார். இந்தக் கண்ணாடித் தடுப்பு கூரை வரைக்கும் போகல, ஆள் உயரத்தோட நின்னுடுது. ஷெட்டுல இருக்குற ஃபேன் ஓடல. உங்க தலைக்கு மேல மட்டும் ஒண்ணு ஓயாம சுத்துது. அங்க பறக்குறதை எல்லாம் இழுத்து உங்க மேல கொட்டுது. அவங்க வெளிய போய் சாப்பிடுறாங்க, நீங்க இந்த மேசையிலயே சாப்பிடுறீங்க. விரலை வச்சு இழுத்துப் பாருங்க, கோடு விழும்.

— படி ஏறினா இருமல் வருது. வயசாயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

— அண்ணனும் ஏதோ சளின்னுதான் நினைச்சாரு.

— உனக்கு அன்னைக்கே தெரியுமா?

— ஆறு பாட்டிலும் ஒரே சூடு, ஒரே பளீர் மஞ்சள். உங்க மேசையில இருக்குதே, அந்த மாதிரி சத்து மாத்திரை முழுங்குறவங்களுக்குத்தான் அப்படி வரும். வாங்கும்போதே தெரியும். கொட்டச் சொல்லியிருக்கலாம், சொல்லல. உங்க வாயாலயே வரட்டும்னு எடுத்துட்டுப் போனேன். இனி இந்த நம்பர் உங்க பேர்ல போகும். வர்ற வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் முன்னால அந்த ஆறு பேருக்கும் புதுசா எடுப்போம்.

— வேலை போனா போகட்டும்மா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. கோவத்தை விட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த நம்பர் ரொம்ப அதிகமா? பொழைச்சுக்குவேன்ல?

— எங்கண்ணன் படுத்த படுக்கையா ஆகுறதுக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம், நானே எடுத்துப் பாத்தேன் சார். அவருக்கு இதுல பாதிதான் இருந்துச்சு.