தெற்குப் பக்கம் இறங்கும் பாதை

மாமியார்: ...இடது பக்கம்னு அவ தொண்டை கிழியக் கத்தறா. நீ என்னடான்னா நேரா போயிட்டே இருக்கே.

மருமகள்: அத்தை, அவ சொன்னது அடுத்த இடது. கொஞ்சம் பேசாம வாங்களேன்.

மாமியார்: போனுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஒருத்தி ஊரையே அதட்டறா, அவளைப் பேசாதேன்னு சொல்ல மாட்டே. நான் வாயைத் தொறந்தா மட்டும்...

மருமகள்: அவ ஒரு தடவை சொல்லிட்டு நிறுத்திடுவா.

மாமியார்: ஓஹோ. அப்ப எனக்கு வாய் நீளம்ங்கறே.

மருமகள்: ஐயோ, லாரி... லாரி வருது... இந்தப் பக்கம் இவன் வேற... எங்கதான் போறது நான்!

மாமியார்: பதறாத. அவன் போகட்டும். விடு, விடு... போயிட்டான் பாரு. ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான். ரோடு என்ன அவன் பாட்டன் சொத்தா?

மருமகள்: உள்ளங்கையெல்லாம் வேர்த்துடுச்சு.

மாமியார்: மணிக்கட்டு வலிக்குதா?

மருமகள்: கியர் மாத்தும்போது சுரீர்னு இழுக்குது. கட்டுப் பிரிச்சும் இன்னும் சரியாகல. லேப்ல ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பிடிக்கவே பயமா இருக்கு. குத்திக்கப் போறவங்களவிட எனக்குத்தான் நடுக்கம்.

மாமியார்: தைலம் அலமாரில இருக்கு. ராத்திரி தேச்சுக்கோ.

மருமகள்: இது ரிங் ரோடுதானா? ரிங் ரோடுக்கு வெளிய இன்னொரு ரோடு சுத்திப் போகுதுன்னாங்களே, அதுவா?

மாமியார்: ரெண்டும் சுத்துது, கூட நாமளும் சுத்தறோம். செக்குமாடே தேவல. அதுக்காவது கண்ணைக் கட்டி விடுவாங்க.

மருமகள்: சிரிக்க வைக்காதீங்க அத்தை, வண்டி ஆடுது.

மாமியார்: உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் நீ ஓட்டறதப் பாத்திருக்க மாட்டான். மூஞ்சியப் பாத்துப் பாவம்னு குடுத்திருப்பான்.

மருமகள்: ஓட்டக் கத்துக்கோன்னு பிடுங்கி எடுத்தது நீங்கதானே?

மாமியார்: ஆமா. பஸ்ஸுக்காகக் காத்து நிக்கற பொம்பளைய யாரு வேணாலும் கண்டுபிடிச்சுடலாம். ஓடிட்டே இருந்தா கொஞ்சம் கஷ்டம்.

மருமகள்: இப்ப எதுக்கு அத்தை அது?

மாமியார்: சரி, சரி. அதை விடு. இந்த வீடு உனக்குப் பிடிச்சிருக்கா? நீ குளிக்கும்போது தண்ணி வந்துச்சா?

மருமகள்: வந்துச்சு. தகரத்தைக் கரைச்ச மாதிரி ஒரு நாத்தம். ஆனா மூணு வீட்டுல இதுதான் பரவால்ல. மொத வீட்டுல ரயில் போனா ஜன்னல் தொறந்துக்கும். அந்த அச்சாபீஸ் மாடில, மெஷின் ஓடினா கட்டில் நடந்து சுவரோரம் போயிடும்.

மாமியார்: பேத்திக் குட்டிக்கு அது பிடிச்சிருந்தது. கப்பல்ல போறோம்னு சொல்லிட்டுப் படுத்துக்கும்.

மருமகள்: அந்த வீட்டுலதானே வந்து நின்னாரு உங்க பிள்ளை. இப்ப குட்டி செருப்பைத் தலமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறா. எடுத்து வெளிய வெச்சா முழிச்சுக்கறா.

மாமியார்: தெரியும். நானும் ரெண்டு தடவை எடுத்துப் பாத்தேன்.

மருமகள்: காலைல அவ தலையைப் பின்னிட்டு, பிரிச்சுட்டு, மறுபடியும் பின்னினீங்களே... ஸ்கூல் வேன்காரர் கத்திட்டே இருந்தாரு.

மாமியார்: கோணலா வந்துடுச்சு. கண்ணு தெரியலன்னுதானே ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

மருமகள்: ம்.

மாமியார்: பெரிய பாலம் வரும். 'தெற்கு'ன்னு போர்டு போட்டு, கீழ இறங்கற பாதை பிரியும். அதுக்கு முன்னாடி பஸ் நிக்கற இடம் ஒண்ணு இருக்கு. அங்கயே என்னை விட்டுட்டு நீ உன் புது லேப்புக்குப் போ.

மருமகள்: ஆஸ்பத்திரி வாசல்லயே விடறேன்.

மாமியார்: வேணாம். கீழ ஒரே நெரிசல். போனா வெளிய வர முடியாது. மேலேருந்து படி இருக்கு, நான் மெதுவா இறங்கிக்கறேன்.

மருமகள்: படி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கமே வந்ததில்லையே நீங்க.

மாமியார்: ...பக்கத்து வீட்டு நர்ஸு சொன்னா.

மருமகள்: நம்ம பக்கத்து வீட்டுல நர்ஸ் இருக்காங்களா?

மாமியார்: எதிர் வீட்டுல. பக்கம் என்ன, எதிர் என்ன. நீ ரோட்டைப் பாரு.

மருமகள்: பாத்துட்டுத்தான் இருக்கேன்.

மாமியார்: நீ சரியில்லையே. காலைலேருந்து குரல் ஒரு மாதிரியா இருக்கு. டெலிபோன் ஆபீஸ்ல பாதி ஆயுசைக் கழிச்சவடி நான். ஹலோன்னு சொன்னாலே தெரிஞ்சுடும், யாரு எதை முழுங்கறாங்கன்னு.

மருமகள்: அப்படியா? அப்ப உங்க குரல் உங்களுக்குக் கேக்காதா அத்தை?

மாமியார்: என்ன சொல்றே?

மருமகள்: ஒண்ணுமில்ல.

மாமியார்: போர்டு வந்துடுச்சு பாரு. ஓரம் எடு. இடது பக்கம் எடும்மா... ஏய், தாண்டப் போறே! எடு!

மருமகள்: எடுக்கல.

மாமியார்: எடுக்கலன்னா?

மருமகள்: நாம ஆஸ்பத்திரிக்குப் போகல. பாலம் தாண்டி வெளியூர் பஸ் ஸ்டாண்ட் இருக்கு. அங்க போறோம். நாத்தனார் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். உங்க பெட்டி டிக்கில இருக்கு. கேக்குதா?

மாமியார்: கேக்குது. பெட்டி விஷயம் தெரியும். காலைல கட்டிலுக்கு அடியில துழாவினேன், காணோம். வண்டிய நிறுத்து.

மருமகள்: ஏன்னு கேக்க மாட்டீங்களா?

மாமியார்: அப்புறம் கேக்கறேன். இங்க நிறுத்து. அந்த பஸ் நிக்கற இடத்துல நிறுத்து. பாலத்துமேல போகாத.

மருமகள்: மாட்டேன். குழாயைத் தொறந்து விட்டுட்டு பாத்ரூம்ல யார்கிட்ட பேசறீங்கன்னு எனக்குத் தெரியாதா? 'சாப்பிட்டியாடா, தூங்கினியாடா'ன்னு... அவரு என் கையை முறுக்கினப்ப குட்டி கட்டிலுக்கு அடியில கிடந்தா, அத்தை! அவர்கிட்டப் போய், தூங்கினியாடான்னு... அத்தை! கதவு! கதவை மூடுங்க! ஓடற வண்டில...

மாமியார்: அப்ப நிறுத்து!

மருமகள்: நிறுத்தறேன்! நிறுத்தறேன்... கையை எடுங்க அதுலேருந்து. இந்தா... நின்னாச்சு. போதுமா? பைத்தியமா உங்களுக்கு?

மாமியார்: விளக்கைப் போடு. பின்னாடி வர்றவன் இடிச்சுடப் போறான்.

மருமகள்: சொல்லுங்க. அச்சாபீஸ் வீட்டு அட்ரஸை நீங்கதானே குடுத்தீங்க?

மாமியார்: இல்ல.

மருமகள்: பொய்.

மாமியார்: பொய் சொல்லல. நீ லேப்ல வேலை பாக்கறவ. ஊர்ல இருக்கற லேப் வாசல்லயெல்லாம் போய் நின்னிருக்கான், நாய் மாதிரி. ஒரு நாள் உன் பழைய லேப்லேருந்து நீ வெளிய வந்தே. பின்னாலயே வந்துட்டான். அவ்வளவுதான். அவனே என்கிட்ட பெருமையாச் சொன்னான்.

மருமகள்: இப்ப இருக்கற வீடு? அதைச் சொல்லிட்டீங்களா?

மாமியார்: அதையெல்லாம் இப்பக் கேக்காத.

மருமகள்: பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க. உங்களை ஒண்ணும் சொல்லல நான். பிள்ளைப்பாசம் உங்களுக்கு இருக்கத்தானே செய்யும். ஆனா என் வீட்டுல வெச்சுக்க முடியாது. என்னால முடியல அத்தை. இன்னொரு வீடு பாக்கத் தெம்பில்ல... போன் அடிக்குது. உங்களோடதா?

மாமியார்: ஆமா.

மருமகள்: அவருதானே? எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்.

மாமியார்: எடுத்தா மூச்சுவிடக் கூடாது நீ. என்ன கேட்டாலும் சரி. குட்டிமேல சத்தியம் பண்ணு.

மருமகள்: எடுங்க.

மாமியார்: ...ஹலோ. சொல்லுடா.

மகன்: அம்மா, எங்கம்மா இருக்கே? நான் பாலத்துக்குக் கீழ டீக்கடைகிட்ட நிக்கறேன். ரூம் சாவி வாங்கிட்டேன். ஒரு பாயும் தலகாணியும் வாங்கிப் போட்டிருக்கேன் உனக்கு.

மாமியார்: வந்துட்டேன்டா. மேல பஸ்லேருந்து இறங்கி நிக்கறேன். மூட்டு வலி, மெதுவா வர்றேன்.

மகன்: அவ நெஜமாவே போயிட்டாளா?

மாமியார்: எத்தனை தடவைடா சொல்றது. அவ அண்ணன்காரன் இருக்கற நாட்டுக்கே போயிட்டா. குட்டியையும் கூட்டிட்டுப் போயிட்டா. என்னைத்தான் நடுத்தெருவுல விட்டுட்டா, பெத்த பிள்ளைகிட்டயே போன்னு.

மகன்: என்கிட்டச் சொல்லாம எம் பொண்ண எப்படிக் கொண்டு போவா? அம்மா, அவ மட்டும் இந்த ஊர்ல எங்கயாவது ஒளிஞ்சிருந்தான்னு தெரிஞ்சுது... இந்தத் தடவை கையோட விட மாட்டேன்.

மாமியார்: அதான் இல்லையே. இல்லாதவளைத் தேடி என்ன பண்ணப் போறே? நாயா அலைஞ்சது போதும். வந்து உனக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போடறேன். அங்கயே நில்லு. வெச்சுடறேன்.

மருமகள்: ...

மாமியார்: மூச்சு விடு. வெச்சுட்டான்.

மருமகள்: அத்தை...

மாமியார்: அழாத. அழுதுட்டே இந்த ரோட்டுல ஓட்ட முடியாது.

மருமகள்: இதெல்லாம் எப்ப... ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை...

மாமியார்: சொன்னா விட்டிருப்பியா? மொத வீட்டைக் கண்டுபிடிச்சான். ரெண்டாவதையும் கண்டுபிடிச்சான். மூணாவது மட்டும் என்ன, மலைக்கோட்டையா? தேடறவன் கையில எதையாவது குடுத்தாத்தான் தேடறத நிறுத்துவான். என்கிட்டக் குடுக்க நான் மட்டும்தான் இருந்தேன்.

மருமகள்: உங்களையும்தானே அடிச்சான்! மறந்துட்டீங்களா? பல்லு விழுந்துச்சே!

மாமியார்: மறக்கல.

மருமகள்: பயமா இல்ல?

மாமியார்: இருக்கு.

மருமகள்: அப்புறம் எதுக்கு? ஏறுங்க... கதவைச் சாத்துங்க. வீட்டுக்குப் போலாம். போலீஸுக்குப் போலாம், வேற ஊருக்குப் போலாம்...

மாமியார்: போலீஸுக்குப் போனோமே, என்ன ஆச்சு? புருஷன் பொண்டாட்டி சமாசாரம், பேசித் தீத்துக்குங்கன்னான். இன்னொரு ஊருக்குப் போனா அங்கயும் லேப் இருக்கும், வாசல் இருக்கும். இந்த ஊரு பெருசு. வடக்கு மூலையிலேருந்து இங்க வர்றதுக்கே நாம எவ்வளவு திணறினோம் பாரு. நீ அங்க இருந்துக்கோ. அவனை இங்க நான் பாத்துக்கறேன்.

மருமகள்: நீங்க சாயங்காலம் வரலைன்னா நான் தேட மாட்டேனா?

மாமியார்: பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு போன் பண்ணலாம்னு இருந்தேன். நீயே அங்க அனுப்பப் பாத்தே. அந்தப் பொய்யாவது மிச்சம்.

மருமகள்: நான் உங்களைப் போய்... அத்தை, நான் எதுவும் யோசிக்காம...

மாமியார்: யோசிச்சுத்தான் பண்ணினே. பொண்ணைக் காப்பாத்தறவ அப்படித்தான் பண்ணணும். நீ பெட்டி கட்டினது தெரிஞ்சதும், உள்ளுக்குள்ள ஒரு மூலையில நிம்மதியா இருந்துச்சு எனக்கு. இவ பொழைச்சுக்குவான்னு.

மருமகள்: குட்டி கேப்பாளே. என்ன சொல்றது?

மாமியார்: பாட்டி சண்டை போட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லு. நம்பிடும். என் கோபம் அதுக்குத் தெரியும்.

மருமகள்: ஒரு தடவையாவது போன்...

மாமியார்: பண்ணாத. என் போனை நோண்டுவான். உன் நம்பரை அழிச்சுட்டேன். எனக்கு மனப்பாடம்தான், ஆனா நானும் பண்ண மாட்டேன். பெட்டியைக் குடு. ...ஏய், நீ இறங்காத. நானே எடுத்துக்கறேன். தொறந்து மட்டும் விடு.

மருமகள்: கனமா இருக்கும்...

மாமியார்: வந்துடுச்சு. அந்தக் குட்டியோட ஸ்வெட்டரும் இதுக்குள்ள கிடக்கு, மாத்திக் கட்டியிருக்கே. இந்தா, பின்சீட்டுல போடறேன். ...போன் அடிக்குது. போ. ஸ்டார்ட் பண்ணு. கண்ணாடில என்னைப் பாக்காத, பின்னாடி வண்டி வருதான்னு மட்டும் பாரு.

மருமகள்: அத்தை...

மாமியார்: உஷ்! எடுத்துட்டேன். ...ஹலோ, என்னடா?

மகன்: என்னம்மா இன்னும் காணோம்? நான் மேல வரட்டா?

மாமியார்: எதுக்குடா? படிகிட்டதான் நிக்கறேன். வந்துட்டே இருக்கேன்.

மகன்: அது என்ன, பக்கத்துல கார் சத்தம்? யார்கூடப் பேசிட்டு நிக்கறே?

மாமியார்: யாரோடா... ஊருக்குப் புதுசு போல. வழி தெரியாம நிறுத்திட்டாங்க. நேரா போங்க, எங்கயும் திரும்பாதீங்கன்னு சொன்னேன்... போயிட்டாங்க.