கியர்பாக்ஸ் சொன்ன சாட்சி

நேரம் தாண்டினால் மணியடிப்பேன் என்று கண்ணாலேயே என்னை மிரட்டிக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கிச் சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் கண் மருத்துவர், நம் டாக்டரம்மா அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்த மெக்கானிக்குகளே! கிரீஸ் கறை படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே! சாலையெல்லாம் சக்கரம் உருட்டிச் சங்கத்தைச் சுமந்து நிற்கும் ஓட்டுநர் உறவுகளே! உங்கள் ஒருவரையும் விடாமல் உள்ளம் குவித்து வணங்குகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'சொகுசுக் கார்களில் சோடை போகாதது எது?' என்பது. இதற்கு ஏன் என்னைப் பிடித்தார்கள்? இருபத்து நான்கு ஆண்டுகளாக நான் திறந்து மூடியது கியர்பாக்ஸ். அதனால் எனக்குப் பெயரே கியர்பாக்ஸ் அக்கா. வண்டி வாசலில் நுழையும்போதே சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு புகழ் வேறு. வீட்டுக்காரர் தும்மினால்கூட எந்த பேரிங் போச்சு என்று கேட்பேனாம்! அவரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள், இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்புடையீர்! ஒரு காரின் அழகு எங்கே இருக்கிறது? பளபளக்கும் பெயிண்டிலா? பஞ்சு போன்ற இருக்கையிலா? பாட்டுப் பெட்டியிலா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! யார் கண்ணுக்கும் படாமல் அடியிலே படுத்துக்கொண்டு, எண்ணெயிலே குளித்துக்கொண்டு, எஞ்சினின் முரட்டு வேகத்தைச் சக்கரத்துக்குப் பக்குவமாக எடுத்துக் கொடுக்கிறதே, அந்தக் கியர்பாக்ஸில் இருக்கிறது!

எட்டுக் கியர் உள்ள ஆட்டோமேட்டிக் ஒன்றை முதன்முதலில் நான் மேசையில் பிரித்துப் பரப்பிய நாளை எப்படிச் சொல்வேன்! எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே, புறப்படும்போது, இரும்பும் இரும்பும் கைகோக்கவில்லை. எண்ணெய்தான் விசையைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு மின்விசிறியின் காற்றில் எதிரே உள்ள மின்விசிறி சுற்றுமே, அப்படி! அதற்குப் பின்னால் நடுவே ஒரு பல்சக்கரம், சுற்றிலும் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இப்படி நான்கு கூட்டம். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்ற கணக்கிலேயே எட்டு வேகம்! ஓட்டுபவரின் கால் எப்படி அழுத்துகிறது என்று கற்றுக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்கிறது. ஐயோ, இதை யோசித்த மூளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அன்று முழுக்க நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரட்டை கிளட்ச் வண்டி அடுத்த அதிசயம். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச். மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராக நிற்கிறது. ஒன்றை இடுப்பிலிருந்து இறக்குமுன் மற்றதற்கு இடுப்பைக் காட்டுவார்களே, இரட்டைப் பிள்ளை பெற்ற தாய்மார்கள், அந்தச் சாமர்த்தியம்! கண் இமைப்பதற்குள் மாறிவிடும். ஆனால் நெரிசலிலே மணிக்கணக்கில் ஊர்ந்தால் அதற்குச் சூடு ஏறும். ஓட்டப்பந்தயக்காரரை டிக்கெட் வரிசையில் நிறுத்தினால் கோபம் வராதா? மூன்றாவது, மின்சாரக் கார். பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு கியர்தான். கெடுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

அங்கே யாரோ கேட்கிறார்கள், "அப்ப உங்க பொழப்பு, அக்கா?" என்று. என் பிழைப்பு இருக்கட்டும், இன்று நான் பேச வந்தது இன்னொருவர் பிழைப்பைப் பற்றி.

தலைப்புக்கு என் தீர்ப்பைக் கேளுங்கள். நெரிசலும் மேடும் பள்ளமும் உள்ள நம் சாலைகளில் நீடித்து உழைப்பது அந்த எட்டுக் கியர் ஆட்டோமேட்டிக்தான். அப்படியென்றால், டாக்டரம்மாவின் எட்டுக் கியர் கார் மட்டும் ஏன் கெட்டது?

டாக்டரம்மா திடுக்கிட்டுப் பார்க்கிறார். மன்னியுங்கள் அம்மா, உங்களிடமும் இன்னும் சொல்லவில்லை.

அந்தக் காரைப் பத்தொன்பது ஆண்டுகளாக, அதற்கு முந்தைய கார்களையும் சேர்த்து, ஓட்டிவந்தவர் ஒருவர். அவர் வண்டியில் ஏறினால் தூக்கம் வந்துவிடும் என்பதால் நம் சங்கமே அவருக்கு வைத்த பெயர் தொட்டில். தொட்டில் அண்ணன்! காலையில் கண் அறுவை செய்யப் போகும் கைகள் குலுங்கக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு வேகத்தடையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்த மனிதர்.

ஏழு மாதத்துக்கு முன் அந்தக் கார் எங்கள் பணிமனைக்கு வந்தது. எட்டுக் கியரில் வேறு சிலவற்றைப் பார்த்திருந்தாலும், அந்த ரகத்தில் எங்களிடம் வந்த முதல் வண்டி அது. கியர் எண்ணெய் மாற்றி அனுப்பினேன். சில வாரங்களில் திரும்பி வந்தது. மேட்டில் உதறுகிறது, வளைவில் இழுக்கிறது. கியர்பாக்ஸைத் திறந்தேன், கருகிய வாடை. எனக்கு அது போதுமாக இருந்தது! ஒரு காலால் பிரேக்கையும் மறு காலால் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"தங்கச்சி, நான் அப்படி மிதிக்கிறவனா? ஒரு தடவை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரும்மா" என்று கெஞ்சினார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தான் தெரியணுமாண்ணே?" என்றேன். எவ்வளவு திமிர், பார்த்தீர்களா? அறிக்கையில் எழுதினேன்: 'பழுதுக்குக் காரணம், ஓட்டுநரின் தவறான கையாளுதல்.'

டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "நிச்சயமாத்தானா? நான் கண்ணைப் பாப்பேன், கியர்பாக்ஸை நீங்கதான்மா பாக்கணும்." நிச்சயம் என்றேன். அவர் என்னை நம்பினார். அந்த வாரமே தொட்டில் அண்ணனின் வேலை போயிற்று. அதன்பின் ஒரு நல்ல காரும் அவர் கைக்குக் கிடைக்கவில்லை. கியர்பாக்ஸைக் கருக்கியவர் என்று ஊரெல்லாம் பேச்சு. இப்போது ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், வெளிச்சம் வராத இடத்தில், பிறர் கார்களை இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அதே கார் மறுபடியும் வந்தது. புது ஓட்டுநர், அதே உதறல், அதே வாடை. அன்றுதான் கம்ப்யூட்டரை மாட்டினேன். மாட்டினால், அம்மம்மா! அந்தக் கியர்பாக்ஸ் ஒன்றையும் மறக்கவில்லை! எண்ணெய் அழுத்தம் முதலில் எந்தக் கிலோமீட்டரில் விழுந்தது, அப்போது எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தது, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. முதல் தடவை, என் பணிமனையை விட்டுக் கிளம்பிய இருபத்தொன்றாவது கிலோமீட்டரில். இரண்டாவது தடவை, நான் பழுது பார்த்து அனுப்பிய பதினெட்டாவது கிலோமீட்டரில். ஓட்டியவர்கள் இருவர். எண்ணெய் ஊற்றிய கை ஒன்று. இதோ, இந்தக் கை!

என்ன செய்திருந்தேன்? அந்த வண்டியில் எண்ணெய் அளவை எஞ்சின் ஓடும்போது, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்தபின் பார்க்க வேண்டும். நானோ பழைய கைக்கியர் வண்டிப் பழக்கத்தில், எஞ்சினை அணைத்துவிட்டு, ஊற்றும் துளையில் எண்ணெய் வழிந்ததும் நிரம்பிவிட்டது என்று மூடினேன். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உள்ளே எண்ணெய் பரவி, அளவு இறங்கிவிடும். இது கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தக் கையேட்டின் பிளாஸ்டிக் உறையை நான் பிரிக்கவே இல்லை, பெரியோர்களே!

நேற்று அந்தக் கீழ்த்தளத்துக்குப் போனேன். ஒரு கார் கதவை மூடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிடுங்கண்ணே என்று அழுதேன். அவர் கத்தவில்லை. கேட்டாரே ஒரு கேள்வி!

"எங்கிட்ட தனியா சொல்லி என்னம்மா ஆகப்போகுது? என் பேரு தனியாவா கெட்டுச்சு?"

அவையோரே! இதற்கு என்னிடம் பதில் உண்டா? இருபத்து நான்கு ஆண்டு அனுபவத்தில் பதில் உண்டா? நீங்கள் தட்டிய கைதட்டலில் பதில் உண்டா? ஓர் இரும்புப் பெட்டி, தனக்கு நேர்ந்ததை ஓர் எண்கூடப் பிசகாமல் ஒளிக்காமல் சொல்கிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த நான், ஒரு மனிதரின் சொல்லை நின்று கேட்கவில்லை. அந்த இயந்திரத்தின் முன்னால் நான் வெட்கப்பட்டு நின்றேன்.

ஆகவே புது அறிக்கை எழுதி வந்திருக்கிறேன். தலைவர் அவர்களே, மணியடிக்காதீர்கள், இதற்குச் சங்க முத்திரை வேண்டும். படிக்கிறேன்: 'கியர்பாக்ஸ் இருமுறை பழுதானதற்குக் காரணம், பணிமனையில் எண்ணெய் அளவைத் தவறாகப் பார்த்தது. தவறு முழுவதும் என்னுடையது. ஓட்டுநர் மீது எந்தக் குற்றமும் இல்லை.'

ஏழாவது வரிசையில் யாரோ எழுகிறார்கள். தொட்டில் அண்ணன்! பக்கத்தில் அண்ணி. சொல்லுங்கண்ணே, எதுவானாலும் சொல்லுங்க.

"கடைசி வரியை இன்னொரு தடவை படிம்மா. இவளுக்குச் சரியாக் கேக்கலையாம்."

படிக்கிறேன் அண்ணே. 'ஓட்டுநர் மீது எந்தக் குற்றமும் இல்லை.' கேட்டுச்சா அண்ணி? 'ஓட்டுநர் மீது, எந்தக் குற்றமும், இல்லை!'

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து, மேடைப் படியிறங்கி, அண்ணி பக்கத்தில் போய் அமர்கிறார். அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் விஷயம், யாரும் எட்டிப் பார்க்காதீர்கள்.

என் குற்றத்தைச் சொல்ல ஒலிபெருக்கி தந்த சங்கத்துக்கு நன்றி. எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் மன்னிப்பு. அவைக்கு என் வணக்கம்.