கதவுக்கு வெளியே ஓர் ஆணி

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். ஐஸ் பேக்டரிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் பொட்டல். ஒரு விளக்கு எரிந்தால் அடுத்த மூன்று எரியாது. என் நண்பனுடைய பெரியப்பா சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த பேக்டரியில் ராத்திரி ஷிப்டுக்கு அவர்தான் மேஸ்திரி.

சங்கிலிச் சத்தம் மட்டும். கிரீச்... கிரீச்...

திடீரென்று மூக்கில் சுரீரென்று ஒரு நெடி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருக்கிறவர் பயந்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

அமோனியா நெடி. உங்களுக்கும் தெரிந்ததுதான். கண்ணாடி துடைக்கிற மருந்தைத் திறந்தால் மூக்கைப் பிடுங்குமே, அதே நெடி. வயலுக்குப் போடுகிற உரமும் அதிலிருந்து வருகிறது. மீன் பெட்டியில் கொட்டுகிற ஐஸை உறைய வைப்பதும் அதுதான். குழாய்க்குள் இருக்கும்வரை ரொம்ப நல்ல வேலைக்காரன். வெளியே வந்தால் ஈரத்தைத் தேடி ஓடும். மனிதனிடம் ஈரம் எங்கே இருக்கிறது? கண்ணில். தொண்டையில். நுரையீரலில்.

பேக்டரி இன்னும் தூரத்தில் முன்னால் இருந்தது. நெடியோ பின்னாலிருந்து வந்தது. கேரியர் பக்கமிருந்து.

பெடல் கனத்தது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் இல்லை. "பார்க்க எனக்கு முகமில்லைடா" என்றுதான் பிறகு என் நண்பனிடம் சொன்னார்.

அந்தக் கேரியரில் முன்பெல்லாம் ஒருவன் உட்கார்ந்து வருவான். அமோனியாக் குழாய் ஓடுகிற கம்ப்ரெசர் அறையில் வேலை செய்தவன். எல்லோரும் அவனை 'ஈரத்துண்டு' என்று கூப்பிடுவார்கள். ஷிப்டுக்கு வந்ததும் அவன் செய்கிற முதல் வேலை, அறை வாசலில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் துண்டுகளை நனைத்துப் போடுவது. வாயு கசிந்தால் யாராவது ஒன்றை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு ஓடலாம் இல்லையா? யாரும் சொல்லி அவன் செய்யவில்லை.

"என்னடா, மாமியார் வீட்டுத் துணியா? இப்படி ஊற வைக்கிறே?" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"உங்க மூஞ்சிக்குத்தான்ணே. கழுவியே பல நாளாச்சே!" என்பான்.

அந்த அறைக்கு ஒரே ஒரு முகமூடி. கண்ணாடி வைத்தது, புதுசு. முதலில் அது கதவுக்கு வெளியே தொங்கியது. போகிறவன் வருகிறவன் எல்லாம் அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தான். தூசி வேறு. பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. முகமூடியைக் கொண்டுபோய் அறைக்குள்ளே, எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். இனி யாரும் தொட முடியாது.

ஈரத்துண்டு தலையைச் சொறிந்தான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வீடு எரியும்போது தண்ணி வாளிய யாராவது நெருப்புக்கு நடுவுலயா வைப்பாங்க? வாயு உள்ளதானே இருக்கும்? முகமூடிய எடுக்க நான் உள்ள போகணுமே!"

"நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியாடா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அதற்குப் பிறகும் ரெண்டு மூன்று தடவை கேட்டான். கேட்கக் கேட்க இவருக்கு வீம்பு ஏறியது.

ஒருநாள் குழாய் மூட்டு பிய்ந்தது. வால்வை மூட வேண்டும். உள்ளே வெள்ளைப் புகை. வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அவன் உள்ளே ஓடினான். முதலில் முகமூடி, பிறகு வால்வு என்று நினைத்திருப்பான். இழுத்து வந்தபோது அவன் கை விரல்கள் விரிந்தே இருந்தன... எட்டிப் பிடிக்கிற மாதிரி. அந்த ஆணிக்கு நேர் கீழேதான் கிடந்தான்.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? உள்ளே இருந்த ஆணியைப் பிடுங்கினார். கதவுக்கு வெளியே புது ஆணி அடித்தார். முகமூடியை அதில் மாட்டினார்.

"கைக்கு எட்டுற இடத்துலதான் சார் இருந்துச்சு. அவன் போடாம போயிட்டான். அலட்சியம்" என்றார்.

கூட நின்றவர்களுக்கு எல்லாம் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. உயிர் போன வீட்டிலும் அதே பேச்சு. 'நல்ல பையன்தான், ஆனா கொஞ்சம் அலட்சியம்.' செத்தவனுக்கு மிச்சமிருந்தது நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் இவர் எடுத்துக்கொண்டார்.

வாசலில் இருந்த வாளியை யாரோ கவிழ்த்து வைத்தார்கள். அதன் பிறகு அதை யாரும் நிமிர்த்தவில்லை.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம்.

பேக்டரி வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கேரியர் லேசானது. நெடி போய்விட்டது. அப்பாடா என்று உள்ளே வந்தவர் கம்ப்ரெசர் அறைக் கதவைப் பார்த்தார்.

வெளி ஆணியில் முகமூடி இல்லை.

கதவைத் தள்ளினார். எதிர்ச் சுவரில், பழைய இடத்தில், அது தொங்கிக்கொண்டிருந்தது.

"யாராவது விளையாடியிருப்பாங்க" என்கிறீர்களா? அவரும் அப்படித்தான் நினைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். அங்கேதான் ஆணியே கிடையாதே! இவரே பிடுங்கியது. சுவரில் வெறும் ஓட்டை. அந்த ஓட்டைமேல் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது... ஆடாமல்.

கையை நீட்டினார்.

டப்.

பின்னால் குழாய் மூட்டு விட்டது. ஸ்ஸ்ஸ்... என்று சீறல். வெள்ளையாக எழும்பியது. கண்ணுக்குள் மிளகாயை அரைத்து அப்பிய மாதிரி. இமை ஒட்டிக்கொண்டது. மூச்சு இழுத்தால் நெஞ்சு அடைத்தது. முகமூடியைத் தடவினார். வெறும் சுவர். கதவு எந்தப் பக்கம்? இருபது வருஷம் நடமாடின அறை. ஒன்றும் புரியவில்லை. 

இப்படித்தானே அவனுக்கும் இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதுவரை ஒருநாள்கூட அவர் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அப்போது முகத்தில் ஜில்லென்று ஒரு ஈரத்துணி.

பிடரியில் ஒரு கை. அழுத்தமாக, ஆனால் நோகாமல், அவரைக் கீழே குனிய வைத்தது.

"குனிஞ்சே வாங்கண்ணே..."

தவழ்ந்தார். அந்தக் கை பிடரியை விடவில்லை. வாசற்படி தட்டியது. வெளிக்காற்று. ஆட்கள் ஓடிவந்து, அவன் செத்த பிறகு அறைக்கு வெளியே புதிதாக வைத்த வால்வை மூடினார்கள். அவர் முகத்திலிருந்த துண்டை விலக்கிப் பார்த்தார். பக்கத்தில் வாளி. மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடந்த வாளி, நிமிர்ந்து, விளிம்புவரை தண்ணீரோடு நின்றது. கதவுக்கு வெளியே, ஆணியில், முகமூடி பழையபடி தொங்கியது.

தன்னைக் கொன்றவனையும் காப்பாற்ற ஒருவன் ஈரத்துணியோடு வந்தால் அவன் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பது? பெரியப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். வாயுவால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விடிந்ததும் கண் வீங்கியபடியே அவன் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அம்மா... முகமூடி வெளிய இல்லம்மா. உள்ள இருந்துச்சு. நான்தான் வச்சேன். நான்தான் மாத்தினேன். அவன் மேல தப்பே இல்ல."

அவள் முகம் மாறவில்லை. "தெரியும்ணே."

"எப்படிம்மா?"

"கண்ணாடி துடைக்கிற மருந்து மூடியத் திறந்தாலே ஜன்னல் ரெண்டையும் திறந்து வைக்கிற மனுஷன் அவரு. 'புள்ள மூக்குல ஏறிடும்'பாரு. அவரா அலட்சியமா போவாரு?" குரல் உடைந்தது. "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அன்னைக்கு யார் யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்க முன்னாடி போய்ச் சொல்லுங்கண்ணே."

சொன்னார். ஷிப்டு மாறுகிற நேரத்தில், முற்றத்தில், எல்லோர் முன்னாலும் கை கட்டி நின்று சொன்னார். அதிகாரியிடமும் போய்ச் சொன்னார். வேலை போயிற்று. யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. லோடு ஏற்றுகிறவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து போய், அந்த வாளியைக் கழுவித் தண்ணீர் பிடித்தார்.

அந்த வாளி இன்றும் காய்வதில்லை. யார் ஷிப்டுக்கு முதலில் வந்தாலும் துண்டை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் சட்டையை மாற்றுகிறார்கள். இத்தனை சின்ன வேலைக்கு ஆண்டவன் எவ்வளவு பெரிய கணக்கு வைத்திருக்கிறான் பாருங்கள்.

முகமூடியும் அதன் பிறகு இடம் மாறவில்லை. கதவுக்கு வெளியே, அதே ஆணியில், கை எட்டும் உயரத்தில்.

ஒன்றே ஒன்றுதான். தினமும் சாயங்காலம் காவல்காரர் அதன் கண்ணாடியைத் துணியால் பளிச்சென்று துடைத்து மாட்டுகிறார். இரவெல்லாம் யாரும் அதைத் தொடுவதில்லை. அவர் எதிரிலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

விடியும்போது பார்த்தால்... கண்ணாடியின் உள்பக்கம் மட்டும் ஆவி படிந்திருக்கிறது.

தொட்டால், வெதுவெதுப்பாக.