உச்சி வெயிலில் கரடி

"கரடிக்குப் பவுடர் போட முடியுமாண்ணே?" என்று முன் சீட்டில் கேட்ட குரலில் என் தூக்கம் போயிற்று. செங்கம் ரோட்டில் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. கேட்டவர் மடியில் கேமரா பையோடு ஸ்டுடியோக்காரர். பக்கத்தில் அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி. அவருடைய வேர்க்கடலைக் கொல்லைக்குப் பட்டப்பகலில் கரடி வருகிறதாம், வனத்துறையில் நம்பவில்லையாம்.

"மொத போட்டோவுல கறுப்பா ஏதோ மூட்டையாட்டம் இருந்துச்சு. ஆபீசரு எருமைன்னுட்டாரு."

"உச்சி வெயில்ல கறுப்பு முடி அப்படித்தான் விழும். அதான் ரெண்டாவது தபா வெளிச்சத்தை ஜாஸ்தியா உட்டேன். முடி முடியா தெரிஞ்சுதில்ல?"

"கரடி தெரிஞ்சுது, பின்னால மலையையே காணோம். எல்லாம் வெள்ளை. எந்த ஊரு மிருகக்காட்சி சாலைன்னு கேட்டாரு. சரி, நேத்து அவரே நேர்ல வந்தாரே, அதாவது நல்லா விழுந்துச்சா?"

ஸ்டுடியோக்காரர் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார்.

"கரடி மறுபடியும் மூட்டைதாண்ணே. ஆனா புளியமரத்து மேல பாருங்க. கிளையைக் கட்டிப் புடிச்சிக்கினு ஆபீசரு. மூக்குக்கண்ணாடி வரைக்கும் பளிச்சுனு விழுந்திருக்காரு."

விவசாயி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"இதை ஆபீசுல எல்லாருக்கும் காட்டப் போறேன்னு அவருகிட்ட சொல்றேன். இன்னிக்கே கூண்டு வந்துரும்."